தொலைதூரச் செய்தியை எடைபோடுவது எப்படி? 16, 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் செய்தபடியே ஒரு முழுமையான வழிகாட்டி

1499-இல் வெனிஸ் வணிகர் ஜிரோலாமோ பிரியூலி தன் நாட்குறிப்பில் ஒரு செய்தியைக் குறித்துவைத்தார். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த கடிதங்கள் சொன்ன செய்தி. இந்தியப் பக்கமிருந்து கெய்ரோவுக்கு வந்த ஆட்கள் சொல்கிறார்களாம்: கள்ளிக்கோட்டைக்கும் ஏடனுக்கும் போர்ச்சுகல் அரசரின் மூன்று கப்பல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன, அவற்றுக்குத் தலைவர் கொலம்பஸ். இது உண்மையானால் மிகப் பெரிய விஷயம், ஆனாலும் நான் உறுதியாக நம்பவில்லை என்று பிரியூலி முடித்துவிட்டார்.

இந்தக் குறிப்பைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் "கொலம்பஸா? சுத்தப் பொய்" என்று தூக்கிப் போடுவார்கள். மீதிப் பேர் "வாஸ்கோ ட காமா வந்தது உண்மைதானே, இந்த மனிதர் ஏன் நம்பவில்லை?" என்று பிரியூலியைக் குறை சொல்வார்கள். இரண்டுமே அவசரம். அன்று அவர் கையில் இருந்ததை வைத்துப் பார்த்தால் பிரியூலி எழுதியது மிகச் சரி.

அக்காலத்தவருக்குச் செய்தியை நேரடியாகச் சோதிக்க வழியில்லை. அதனால் அது வந்த வழியைச் சோதித்தார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரே வேலையின் பகுதிகள்தான். வரிசையை மாற்ற வேண்டாம். ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: கையில் என்ன இருக்க வேண்டும்

முதலில் ஒரு பழைய வரைபடம். இன்றைய வரைபடத்தில் ராகூசாவைத் தேடினால் கிடைக்காது, அது இப்போது டுப்ரோவ்னிக். கான்டியா என்றால் கிரீட் தீவு. பிரெஸ்பர்க் என்றால் பிராட்டிஸ்லாவா. பெயர் தெரியாவிட்டால் வழி தெரியாது, வழி தெரியாவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நம்மவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இருக்கிறது. "இந்தியாவிலிருந்து கப்பல்கள் வந்துவிட்டன" என்று ஒரு தாளில் பார்த்ததும் மனம் கொச்சிக்கும் கோவாவுக்கும் ஓடும். தாள் ஸ்பெயினின் செவில்லிலிருந்து வந்திருந்தால் அந்த 'இந்தியா' அமெரிக்கா, கப்பலில் இருப்பது வெள்ளி. போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து வந்திருந்தால்தான் நம் பக்கத்து இந்தியா, கப்பலில் மிளகு. நானும் ஒரு முழு மாலை செவில் கப்பல்களில் மிளகு தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான்.

அப்புறம் ஒரு நோட்டு. பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் 'என்ன சொல்கிறது', வலப்பக்கம் 'எப்படி வந்தது'. வலப்பக்கத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

பயிற்சிக்கு ஃபுக்கர் குடும்பத்தின் செய்தித் தாள்களைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்து வணிகக் குடும்பம். ஆக்டேவியன் செகுண்டஸ், ஃபிலிப் எடுவார்ட் என்ற சகோதரர்கள் 1568 முதல் 1605 வரை சேர்த்துவைத்த தாள்கள், ஏறத்தாழ 16,000 செய்திக் கடிதங்கள், வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம்.

1. செய்தியை மறைத்துவிட்டுத் தலைப்பு வரியை மட்டும் படியுங்கள்

'அவ்வீசி' என்று இத்தாலியர் சொன்ன கையெழுத்துச் செய்தித் தாள்களில் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஊரும் தேதியும் இருக்கும்: "ரோமிலிருந்து, அக்டோபர் 20" என்பது போல. கவர்ச்சியான தலைப்பெல்லாம் கிடையாது. அன்றைய வாசகர் முதலில் பார்த்ததும் அந்த வரியைத்தான்.

நான் ஒரு அட்டையை வைத்துக் கீழே உள்ளதை மறைத்துக்கொள்வேன். கதையை முதலில் படித்துவிட்டால் மனம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் வழியைச் சோதிப்பது பெயருக்குத்தான் நடக்கும்.

தலைப்பில் உள்ள ஊர் சம்பவம் நடந்த ஊர் அல்ல. தாள் எழுதப்பட்ட ஊர். "வெனிஸ்" என்ற தலைப்பின் கீழே "கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்த கடிதங்கள்" என்று ஒரு வரி இருக்கும். அந்தக் கடிதமோ பாரசீக எல்லையில் நடந்த சண்டையைப் பற்றிப் பேசும். ஆக மூன்று ஊர், மூன்று தேதி. மூன்றையும் வலப்பக்கத்தில் எழுதுங்கள். தேதி கிடைக்காத இடத்தில் வெற்றிடம் விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

எழுதியவர் பெயர் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். பெயர் போடுவது ஆபத்து. செய்தித் தாள் எழுதுவோருக்கு எதிராகப் போப் ஐந்தாம் பயஸ் 1572-இல் ஆணையே போட்டார். அதேபோல, அச்சானது என்பதால் கையெழுத்துத் தாளைவிட நம்பகமானது என்றும் எண்ண வேண்டாம். ஸ்ட்ராஸ்பர்க்கில் யோஹான் கரோலஸ் 1605-இல் வாரச் செய்தித்தாளை அச்சிட ஆரம்பித்ததற்குக் காரணம், அதுவரை கையால் படி எடுத்து விற்ற அதே கடிதங்களை எழுதி முடிக்க அதிக நேரம் பிடித்ததுதான். உள்ளே இருந்த சரக்கு மாறவில்லை. அச்சுக்கு அரசு அனுமதி வேண்டும். கையெழுத்துத் தாளில் கொஞ்சம் வாய் திறந்து பேசலாம், அதனால் பணம் உள்ளவர்கள் அதற்கே கூடுதலாகக் கொடுத்தார்கள்.

2. எல்லாத் தேதியையும் ஒரே நாட்காட்டிக்குக் கொண்டுவாருங்கள்

1582-இல் கத்தோலிக்க நாடுகள் கிரெகோரி நாட்காட்டிக்கு மாறின. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700 வரை இழுத்தடித்தன. ஆகவே 17-ஆம் நூற்றாண்டு முழுக்க, லண்டனில் எழுதிய கடிதத்துக்கும் பாரிஸில் எழுதிய கடிதத்துக்கும் பத்து நாள் வித்தியாசம்.

இதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த படி முழுக்கக் கோணலாகிவிடும். ஸ்பெயின் இங்கிலாந்தின் மீது அனுப்பிய ஆர்மடா என்ற கப்பற்படை கிராவ்லீன் அருகே அடிவாங்கிய சண்டை ஆங்கிலேயருக்கு 1588 ஜூலை 29, ஸ்பானியருக்கு ஆகஸ்ட் 8. இரண்டு சண்டை நடந்ததாக எழுதிவந்த ஒருவரின் கட்டுரையை நான் திருத்தியிருக்கிறேன்.

ஆண்டு பிறக்கும் நாளும் ஒன்றல்ல. வெனிஸில் மார்ச் 1, இங்கிலாந்திலும் பிளாரன்ஸிலும் மார்ச் 25. லண்டனில் "1620 பிப்ரவரி" என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1621. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் தேதிகளைக் கண்டாலே நின்று பாருங்கள்.

3. எத்தனை நாளில் வந்தது என்று கழித்துப் பாருங்கள்

வந்து சேர்ந்த தேதியிலிருந்து எழுதிய தேதியைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணை அந்த வழியின் வழக்கமான நாளோடு ஒப்பிடுங்கள்.

வழக்கமான நாள் என்ன என்று எப்படித் தெரியும்? மரீனோ சனூடோ என்ற வெனிஸ்காரர் 1496 முதல் 1533 வரை ஊருக்கு வந்த கடிதங்களையெல்லாம் விடாமல் குறித்துவைத்தார். அவற்றிலிருந்து பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபடி, வெனிஸுக்கு ரோமிலிருந்து 4 நாள், பாரிஸிலிருந்து 12, ஆன்ட்வெர்ப்பிலிருந்து 16, லண்டனிலிருந்து 24, கான்ஸ்டான்டினோபிளிலிருந்து 34, லிஸ்பனிலிருந்து 43, அலெக்சாந்திரியாவிலிருந்து 55.

இவை வழக்கமானவை மட்டும். லண்டன் கடிதம் 9 நாளிலும் வந்திருக்கிறது, 52 நாளும் எடுத்திருக்கிறது. அலெக்சாந்திரியா 17 முதல் 89 வரை. மலைப்பாதையில் பனி, துறைமுகத்தில் கொள்ளைநோய்த் தடுப்பு, கடலில் எதிர்க்காற்று, எதுவும் நடக்கும்.

புதியவர்கள் தாமதமாக வந்த செய்தியைச் சந்தேகிக்கிறார்கள். சந்தேகிக்க வேண்டியது சீக்கிரம் வந்ததை. வழக்கத்தைவிட மிக வேகமாக வந்திருந்தால் யாரோ பணம் கட்டித் தனித் தூதரை ஓட்டியிருக்கிறார்கள், யார், எதற்கு என்று கேளுங்கள். இதுவரை வந்த மிக வேகமான கடிதத்தையும் மிஞ்சி வந்திருந்தால் ஒன்று தேதி தவறு (இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்), இல்லையென்றால் அது யாரும் கொண்டுவராத வெறும் பேச்சு.

துருக்கியரைக் கிறிஸ்தவக் கூட்டுப்படை வென்ற லெப்பாண்டோ கடற்போர் 1571 அக்டோபர் 7-இல் நடந்தது, செய்தி வெனிஸுக்கு 19-ஆம் தேதி வந்தது. 12 நாள். வேகம்தான், ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: வெற்றியைச் சொல்வதற்கென்றே அனுப்பிய போர்ப்படகு, பிடிபட்ட துருக்கியக் கொடிகளைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வந்தது. அந்தச் செய்திக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இந்தியச் செய்திக்கு வேறு கணக்கு. லிஸ்பனிலிருந்து கப்பல்கள் மார்ச், ஏப்ரலில் கிளம்பும். கொச்சியிலிருந்தும் கோவாவிலிருந்தும் டிசம்பர், ஜனவரியில் திரும்பும். பருவக்காற்று வைத்ததுதான் சட்டம். ஆண்டுக்கு ஒரு முறைதான் கடல்வழித் தபால் என்பதால், ஒன்றரை ஆண்டு பழைய செய்தியும் லிஸ்பனில் புதுச் செய்திதான்.

4. வழியைக் கோடாக வரையுங்கள்

ஊர்களை எழுதி இடையில் அம்புக்குறி போடுங்கள். பிரியூலியின் குறிப்புக்கு: கள்ளிக்கோட்டை → கெய்ரோ → அலெக்சாந்திரியா → வெனிஸ்.

இப்போது ஒவ்வொரு அம்புக்கும் மேலே எழுதுங்கள்: வாயா, தாளா? கெய்ரோ வரை வாய். அதற்குப் பிறகுதான் தாள். இந்த வித்தியாசம் முக்கியம். தாளில் ஏறியபின் செய்தி அவ்வளவாக மாறாது, படி எடுப்பவர் கை தவறினால்தான் உண்டு. வாயில் இருக்கும்வரை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று கிளம்பியது, ஊரைச் சுற்றி வரும்போது காக்கை காக்கையாக எடுத்தான் என்று ஆன கதை நமக்குத் தெரியும்.

ஆனால் வாய்வழியில் எல்லாமே ஒரே அளவில் கெடுவதில்லை. இந்தத் தாள்களோடு உட்கார்ந்து பழகிய பிறகு எனக்குப் பிடிபட்ட விஷயம் இது. சின்ன எண்கள் தாங்கும். மூன்று கப்பல் மூன்றாகவே வரும். பெரிய எண்கள் தாங்காது, செத்தவர் கணக்கு ஊருக்கு ஊர் வீங்கும். ஆட்பெயர்கள் எளிதில் கெடும், காரணம் கேட்பவர் தனக்குத் தெரிந்த பெயரைப் போட்டு இட்டு நிரப்பிவிடுவார். புதுக் கடலில் யாரோ கப்பல் ஓட்டிப் போனான் என்றால் 1499-இல் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

சில ஊர்கள் வழியில் திரும்பத் திரும்ப வரும். துருக்கியச் செய்தி என்றால் ராகூசா, கோர்ஃபு, வெனிஸ், வியன்னா. ராகூசா சுல்தானுக்குக் கப்பம் கட்டிக்கொண்டே கிறிஸ்தவ அரசுகளுக்கும் செய்தி அனுப்பியது. இரண்டு பக்கமும் உறவு வைத்திருந்த ஊர். அது குறையா நிறையா என்று கேட்டால், இரண்டும்தான். அங்கே செய்தி சீக்கிரம் கிடைத்தது, ஆனால் எந்தச் செய்தியை யாருக்கு விடுவது என்று பார்த்துத்தான் விட்டார்கள்.

5. அனுப்பியவருக்கு என்ன லாபம், பெறுபவருக்கு என்ன ஆசை

வணிகர் கடிதத்துக்கு மதிப்பு அதிகம் இருந்தது. வணிகர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. தன் கூட்டாளிக்குத் தவறான விலையோ தவறான போர்ச் செய்தியோ அனுப்பினால் நஷ்டம் இருவருக்கும். தூதரின் கடிதத்தில் தகவல் அதிகம், ஆனால் தன் அரசருக்குப் பிடித்ததை முன்னால் வைக்கும் பழக்கமும் அதிகம்.

பாதிரியார் கடிதங்களில் ஒரு நுட்பம் உண்டு. இயேசு சபையின் தலைவர் இக்னேஷியஸ் லயோலா 1542-இலேயே தன் ஆட்களுக்குச் சொல்லிவிட்டார்: எல்லோருக்கும் காட்டத்தக்க முதன்மைக் கடிதம் தனி, உள்விவகாரங்களை எழுதும் துண்டுத்தாள் தனி. முதலாவதில் படிப்பவர் மனம் உயரும் சேதிகள். சண்டை, நோய், குறைபாடு எல்லாம் இரண்டாவதில். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே தான் செய்த பணியைப் பற்றிப் பிரான்சிஸ் சேவியர் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம், 1545-இல் பாரிஸில் அச்சில் வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு அதைப் படிக்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும், வரட்டும். ஆனால் அச்சில் வந்தது காட்டுவதற்கு எழுதிய கடிதம் என்பதை மறக்க வேண்டாம். அதில் உள்ளது பொய் என்று சொல்லவில்லை. அதில் இல்லாதது நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள் என்கிறேன்.

இந்தப் படியின் இரண்டாம் பாதியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பெறுபவரின் ஆசை. பிரியூலிக்கு இந்தச் செய்தி உண்மையாக இருக்கக் கூடாது. போர்ச்சுகல் கப்பல் நேரே மிளகுக் கரைக்குப் போய்விட்டால், அலெக்சாந்திரியாவில் மிளகு வாங்கி ஐரோப்பாவுக்கு விற்கும் வெனிஸின் பிழைப்பில் மண். அவர் நம்பாமல் விட்டதில் அந்தப் பயமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். மறுபுறம், அந்தக் கடிதங்கள் அலெக்சாந்திரியா வணிகத்துக்கே பாதகமான செய்தியைச் சொன்னவை. தனக்கு நஷ்டமான செய்தியை யாரும் கட்டிவிட மாட்டார்கள். அதனால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

6. கண்ணால் கண்டவர் எதுவரை கண்டார்?

1666 ஜூன் 4, ஆங்கில நாட்காட்டிப்படி. ஆங்கிலக் கப்பற்படைக்கும் டச்சுப் படைக்கும் கடலில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. லண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸிடம் சண்டைக் களத்திலிருந்தே இருவர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் டேனியல். முகம் புகைபோக்கி போலக் கறுத்து, அழுக்கும் தாரும் வெடிமருந்தும் அப்பி, அழுக்குத் துணி சுற்றி, வலது கண்ணைச் சணல் நார் வைத்து அடைத்திருக்கிறார். பீப்ஸ் அவர்களை அப்படியே அரசரிடம் கூட்டிப் போனார். அரசர் விவரமெல்லாம் கேட்டுவிட்டுத் தன் பையிலிருந்து தங்கக் காசுகளை எடுத்துக் கொடுத்தார்.

இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? கண், காயம், களத்து அழுக்கு எல்லாம் இருக்கிறது. ஆனால் டேனியல் லண்டனில் நின்று பேசிக்கொண்டிருந்த அதே நாளில்தான் கடலில் நான்காம் நாள் சண்டை. அவர் கிளம்பியதற்குப் பிறகு நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்? ஜூன் 6 அன்று வெற்றி என்று செய்தி வந்து லண்டன் தெருவெங்கும் சொக்கப்பனை. மறுநாள், தோற்றது நாம்தான் என்று பீப்ஸுக்குத் தெரிந்தது. டச்சுக்காரர்களும் தங்கள் ஊரில் வெற்றி கொண்டாடினார்கள், அவர்களுக்கு அதற்குக் காரணம் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு நேரடிச் சாட்சியின் பெயருக்குப் பக்கத்திலும் "இதுவரை" என்று ஒரு தேதியோ நேரமோ எழுதுங்கள். அதற்கு மேல் அவர் சொல்வது ஊகம், அல்லது வழியில் கேட்டது. புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, நேரில் பார்த்தவர் என்று தெரிந்ததும் சோதனையை நிறுத்திவிடுவது.

சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சண்டைக்கு ஆங்கிலப் படை இரண்டாகப் பிரிந்து போனதற்கே காரணம் ஒரு பொய்ச் செய்தி. பிரெஞ்சுக் கப்பற்படை நெருங்குகிறது என்று நம்பி, தளபதிகளில் ஒருவரான இளவரசர் ரூப்பர்ட்டை ஒரு பிரிவோடு மேற்கே அனுப்பிவிட்டார்கள். பிரெஞ்சுப் படை அந்தப் பக்கமே இல்லை.

7. "என்று சொல்கிறார்கள்" என்பதைக் கழித்துவிடாதீர்கள்

"சி தீச்சே" என்று இத்தாலியத் தாள்களில் அடிக்கடி வரும். "சொல்கிறார்கள்" என்று அர்த்தம். "கடிதங்கள் வந்திருக்கின்றன" என்பது அதைவிடக் கனம். "நல்ல இடத்திலிருந்து தெரிகிறது" என்றால் பெயர் சொல்ல முடியாத பெரிய இடம். "உறுதி எதிர்பார்க்கப்படுகிறது" என்றால் எழுதியவரே அடுத்த தபாலுக்குக் காத்திருக்கிறார்.

இன்றைய வாசகர் இவற்றை மழுப்பல் என்று எடுத்துக்கொள்கிறார். அக்காலத்தவருக்கு அது தராசுப் படிக்கல். மொழிபெயர்க்கும்போது இந்தச் சொற்களை விட்டுவிட்டால் வதந்தியும் உறுதியும் ஒரே எடையாகிவிடும். எதிலும் "சொல்கிறார்கள்" இல்லாமல் எல்லாமே நிச்சயமாகப் பேசும் தாளைக் கண்டால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

8. இரண்டாவது கடிதத்தைத் தேடுங்கள், ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இதுதான் கடினமான படி. இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் சறுக்குகிறார்கள்.

1588 ஆகஸ்டில் பாரிஸில் இருந்த ஸ்பானியத் தூதர் பெர்னார்டினோ டெ மென்டோசாவுக்கு ஆர்மடா வென்றுவிட்டது என்று செய்தி வந்தது. நார்மண்டித் துறைமுகங்களில் வந்திறங்கிய மீனவர்களின் பேச்சு. ஆங்கிலத் தளபதி டிரேக்கே பிடிபட்டார் என்றும் பேச்சு. மென்டோசா மாட்ரிடுக்கு எழுதினார், செய்தியை அச்சிடவும் வைத்தார். அச்சுத் தாள்கள் ஊர் ஊராகப் போயின, வேறு ஊர்களில் மறுபடி அச்சாயின.

ஜெர்மனியின் கொலோன் நகரில் இருப்பவர் நிலையை யோசியுங்கள். பாரிஸிலிருந்து ஒரு கடிதம், ஸ்பெயினிலிருந்து ஒன்று, அச்சுத் தாள் ஒன்று. மூன்றும் ஒன்றையே சொல்கின்றன. மூன்று சாட்சி போலத்தான் தெரியும். கோடு வரைந்து பார்த்தால் மூன்றும் அந்த மீனவர் பேச்சிலேயே போய் முடியும்.

இதே வேளையில் வேறொரு வழி திறந்திருந்தது: பிரான்சின் வடகரைத் துறைமுகமான கலே. சண்டை அந்தக் கரையை ஒட்டித்தான் நடந்தது. ஆர்மடாவின் பெரிய கப்பல்களில் ஒன்றான சான் லொரென்சோ கலே துறைமுக வாசலிலேயே தரைதட்டிக் கிடந்தது. பிரெஞ்சு அரசருக்குக் கலே ஆளுநரின் கடிதம் நேராக வந்தது. மென்டோசா வெற்றிச் செய்தியோடு அரசரைப் பார்க்கப் போனபோது அரசர் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஒற்றைக் கடிதம், ஆனால் வழி வேறு. அது அத்தனை அச்சுத் தாளையும் சாய்த்துவிட்டது.

செய்ய வேண்டியது இதுதான். ஒத்துப்போகும் கடிதங்கள் ஒவ்வொன்றுக்கும் நான்காம் படியின் கோட்டை வரையுங்கள். கோடுகள் எங்கே சேருகின்றன என்று பாருங்கள். சேராத கோடுகள் எத்தனையோ அத்தனைதான் சாட்சி. வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால் அது உறுதிப்படுத்தல் ஆகாது, படி எடுத்தது. உண்மையான இரண்டாவது கடிதம் எப்போதும் சின்ன விவரங்களில் கொஞ்சம் முரண்படும்.

எதிரி ஒத்துக்கொண்டால் அது தங்கம். ஒரு தோல்வியைத் தோற்ற பக்கத்துத் தாளிலேயே பார்த்துவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

9. செய்தி வராத நாள்களையும் குறியுங்கள்

ஆங்கிலத்தில் அச்சான முதல் செய்தித் தாள் 1620 டிசம்பர் 2 தேதியிட்டு ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதன் முதல் வாக்கியமே, இத்தாலியிலிருந்து புதுச் செய்தி இன்னும் வரவில்லை என்பதுதான். சிரிப்பு வரும், ஆனால் அன்றைய வாசகருக்கு அதுவும் தகவல். தபால் வரவில்லை என்றால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது.

அமைதியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். சுல்தான் சுலைமான் 1566 செப்டம்பரில் ஹங்கேரியில் சிகெத்வார் முற்றுகையின்போது இறந்தார். தலைமை அமைச்சர் சொகொல்லு மெஹ்மெத் பாஷா அதை ஏழு வாரம் போல மறைத்துவைத்தார். ஆணைகள் சுல்தான் பெயரிலேயே போய்க்கொண்டிருந்தன. முத்திரை உண்மை, தாள் உண்மை, ஆள் இல்லை.

சரி, காத்திருக்கும் நாள்களில் என்ன செய்வது? போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் செய்ததைப் பாருங்கள். ஆர்மடாவுக்குப் பத்து லட்சம் டுக்காட் (தங்கக் காசு) தருவதாக ஒப்பந்தம், ஆனால் இங்கிலாந்து மண்ணில் படை இறங்கிய பிறகுதான். வெற்றி வெற்றி என்று வதந்தி பறந்த வாரங்களில் ஸ்பானியர் கேட்டுப் பார்த்தார்கள். அவர் பணப்பெட்டியைத் திறக்கவில்லை. கடைசிவரை கொடுக்கவும் இல்லை. ஒருவர் செய்தியை எந்த அளவு நம்பினார் என்று தெரிய வேண்டுமானால் அவர் எழுதியதைவிட அவர் பணத்தை எங்கே வைத்தார் என்று பார்ப்பது நல்லது.

10. தீர்ப்பைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

மொத்தமாக "உண்மை", "பொய்" என்று எழுதினால் இதுவரை செய்த வேலை வீண். செய்தியைத் துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் தனித் தீர்ப்பு கொடுங்கள். பிரியூலியின் குறிப்புக்குத் திரும்புவோம்.

மூன்று கப்பல்: சின்ன எண், தாங்கும். உண்மையும் அதுதான். போர்ச்சுகல் அரசருடையவை: கொடியைப் பார்த்தவர் தப்பாகச் சொல்ல வாய்ப்புக் குறைவு. சரி. கள்ளிக்கோட்டை: கெய்ரோ வணிகர்கள் மிளகுக்காகத் தொடர்பு வைத்திருந்த ஊர், பெயர் கெடாது. சரி. ஏடன்: செய்தி செங்கடல் வழியாக வந்தபோது வழியில் இருந்த துறைமுகம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். காமா அங்கே போகவில்லை. கொலம்பஸ்: தெரிந்த பெயரை இட்டு நிரப்பியது. தவறு.

உறுதி வந்ததா? வந்தது, அதுவும் எதிர்த் திசையிலிருந்து. காமாவின் முதல் கப்பல் 1499 ஜூலையில் லிஸ்பன் திரும்பியதும், அங்கிருந்த பிளாரன்ஸ் வணிகர் ஜிரோலாமோ செர்னிஜி நடந்ததை விவரமாக ஊருக்கு எழுதினார். ஒரு கோடு செங்கடல் வழி, இன்னொன்று ஆப்பிரிக்காவைச் சுற்றி. இரண்டும் கள்ளிக்கோட்டைக்கு இந்தப் பக்கம் எங்குமே சேராதவை.

வெனிஸ் அரசு அதற்குப் பிறகும் கடிதங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1504-இல் லெயோனார்டோ ட கா மஸ்ஸர் என்பவரை வணிகராக லிஸ்பனுக்கு அனுப்பி, எத்தனை கப்பல் வருகிறது, எவ்வளவு மிளகு இறங்குகிறது என்று எண்ணிச் சொல்லச் சொன்னது.